கோல்ட் விங்கும் எஃப்-150-உம்: விலைச்சீட்டில் தெரியாத விலையேற்றம்

அமெரிக்காவில் ஃபோர்டு எஃப்-150 பிக்கப்பின் அடிமட்ட வகை எக்ஸ்.எல். 2015 மாடலில் அதன் தொடக்க விலை, வண்டியைக் கொண்டுவந்து சேர்க்கும் கட்டணத்தோடு சேர்த்து, 26,615 டாலர். அதே எக்ஸ்.எல். 2021 இல் 30,635 டாலருக்கு வந்தது. 2024 மாடல் அறிமுகமானபோது 38,565 டாலர். ஒன்பது மாடல் ஆண்டுகளில் ஏறத்தாழ 45% ஏற்றம்.

ஹோண்டாவின் நெடும்பயண பைக் கோல்ட் விங் டூர், ஓட்டுபவரே கியர் மாற்றும் வகை, புதிய வடிவமைப்போடு 2018 இல் வந்தபோது 26,700 டாலர். 2024 இல் சுமார் 28,500. ஆறு ஆண்டுகளில் 7 சதவீதத்துக்கும் குறைவு.

நெடும்பயண பைக்கும் அதை இழுத்துச் செல்லும் பிக்கப்பும் ஒரே வீட்டு வாசலில் நிற்பது அமெரிக்காவில் சாதாரணம். இரண்டையும் சேர்த்துத்தான் "யானை விலை, குதிரை விலை" என்று புலம்புகிறார்கள். ஆனால் இரண்டும் ஒரே காரணத்தால் ஏறவில்லை. ஒன்று உண்மையில் ஏறவே இல்லை. பட்டியல் விலையை மட்டும் பார்த்தால் இது பிடிபடாது. பண மதிப்பு, படிப்படியாகக் காணாமல் போன மலிவு மாடல்கள், ஆன்-ரோடு கட்டணங்கள், கடனின் மாதக் கணக்கு ஆகிய நான்கையும் தனித்தனியே பிரித்துப் பார்க்க வேண்டும்.

முதலில் பண மதிப்பு

அமெரிக்கத் தொழிலாளர் புள்ளியியல் பணியகம் வெளியிடும் நுகர்வோர் விலைக் குறியீட்டின் ஆண்டுச் சராசரியை எடுத்துக்கொள்வோம்: 1975 இல் 53.8, 2001 இல் 177.1, 2015 இல் 237.0, 2018 இல் 251.1, 2019 இல் 255.7, 2021 இல் 271.0, 2024 இல் 313.7. பழைய விலையை 313.7 ஆல் பெருக்கி, அந்த ஆண்டின் குறியீட்டால் வகுத்தால் 2024 பணத்தில் அதன் மதிப்பு கிடைக்கும்.

2015 எஃப்-150 இன் 26,615 டாலர் இந்தக் கணக்கில் சுமார் 35,200. 2021 இன் 30,635 டாலர் சுமார் 35,500. அதாவது 2015 க்கும் 2021 க்கும் இடையே அடிமட்ட பிக்கப்பின் மெய்யான விலை அசையவே இல்லை. அதன்பின் மூன்றே ஆண்டுகளில் ஏறத்தாழ 3,100 டாலர் மெய்யாகவே கூடிவிட்டது. 2024 மாடலில் பழைய 3.3 லிட்டர் வி6 எஞ்சின் நீக்கப்பட்டு 2.7 லிட்டர் டர்போ எஞ்சின் அடிப்படையாயிற்று. நடுவில் 12 அங்குலத் திரையும் எல்லா வகைகளுக்கும் பொதுவானது. கூடிய பணத்துக்குக் கூடுதல் பொருள் கிடைக்கிறது என்பது உண்மைதான். ஆனால் அந்தப் பொருள் வேண்டாம் என்று சொல்லி வாங்கும் வழி அடைபட்டுவிட்டது.

கோல்ட் விங் பக்கம் கணக்கு தலைகீழ். 2018 இன் 26,700 டாலர் 2024 பணத்தில் சுமார் 33,400. இன்னும் பின்னே போனால், 2001 இல் கோல்ட் விங்கின் ஜி.எல்.1800 தலைமுறை முதன்முதலாக 17,499 டாலருக்கு வந்தது. அது இன்றைய பணத்தில் சுமார் 31,000. ஆக 2024 இன் 28,500 டாலர் வண்டி, 2001 வண்டியைவிட மெய் மதிப்பில் மலிவு. அதுவும் இரட்டைக் கவை (டபுள் விஷ்போன்) முன் சஸ்பென்ஷன் இல்லாத, மின்சாரக் காற்றுத் தடுப்பு இல்லாத பழைய வண்டியோடு ஒப்பிட்டு.

1975 இன் முதல் கோல்ட் விங்கை இங்கே இழுப்பவர்கள் உண்டு. அப்போது அதன் விலை 2,900 டாலருக்குச் சற்றுக் குறைவு, இன்றைக்குச் சுமார் 16,900. ஆனால் அது 999 சிசி, நான்கு சிலிண்டர், காற்றுத் தடுப்பும் பெட்டிகளும் இல்லாத வெற்று வண்டி. தொழிற்சாலையிலேயே முழு உடுப்போடு வந்தது 1980 இன் இன்டர்ஸ்டேட் என்ற கோல்ட் விங் வகைதான். ஆறு சிலிண்டர் 1988 மாடலில். பெயர் ஒன்றாக இருப்பதால் ஒப்பீடு சரியாகிவிடாது.

யென் தாங்கிப் பிடித்த விலை

கோல்ட் விங் விலை ஏன் நின்றது? பலர் தொழில்நுட்பத்தில் காரணம் தேடுகிறார்கள். விடை பெரும்பாலும் நாணயத்தில் இருக்கிறது. 1980 முதல் 2009 வரை இந்த வண்டி ஒஹையோ மாநிலத்தின் மேரிஸ்வில்லில் தயாரானது. பிறகு உற்பத்தி ஜப்பானின் குமாமோட்டோவுக்குப் போயிற்று. இப்போது கூலியும் உதிரிபாகமும் பெருமளவு யென்னில், விற்பனை டாலரில்.

2018 இல் ஒரு டாலருக்குச் சுமார் 110 யென். 26,700 டாலர் என்பது 29 இலட்சம் யென் சொச்சம். 2024 இல் டாலருக்குச் சுமார் 150 யென். 28,500 டாலர் என்பது ஏறத்தாழ 43 இலட்சம் யென். பட்டியல் விலையின்படி பார்த்தால், டாலரில் 7% கூட ஏற்றாமலே யென் கணக்கில் 45 சதவீதத்துக்கு மேல் கூடியிருக்கிறது. இடையில் டீலர் பங்கும் கப்பல் செலவும் உண்டு; ஆனாலும் திசை தெளிவு. அதோடு 2018 க்குப் பிறகு எஞ்சினும் சட்டகமும் மாறவில்லை, உற்பத்தி அச்சுவார்ப்புகளுக்குப் போட்ட முதலின் பெரும்பகுதி மீண்டிருக்க வேண்டும்.

இந்த மலிவு நிலையானது என்று எண்ணுவது தவறு. யென் வலுத்தால் இதே கணக்கு எதிர்ப்புறமாக ஓடும். பெரிய மோட்டார்சைக்கிள்களுக்கு அமெரிக்காவில் வழக்கமான இறக்குமதி வரி 2.4% தான். 2025 ஆகஸ்டில் ஜப்பானியப் பொருட்கள் மீது 15% வந்தது. வரி இறக்குமதி மதிப்பின் மீது, ஷோரூம் விலையின் மீது அல்ல. இருந்தாலும் ஒரு வண்டிக்கு ஆயிரக்கணக்கில் டாலர் வந்த தொகை அது. இதற்கு ஒரு முன்னோடி உண்டு. 1983 இல் 700 சிசிக்கு மேற்பட்ட இறக்குமதி பைக்குகளுக்கு ரீகன் அரசு 45% கூடுதல் வரி போட்டு, ஐந்தாண்டில் படிப்படியாகக் குறைக்கத் திட்டமிட்டது. அப்போது கோல்ட் விங் ஒஹையோவில் தயாரானதால் அந்த அடி அதன் மேல் விழவில்லை. இன்று அந்தக் கவசம் இல்லை.

போட்டியாளரான அமெரிக்க பைக் நிறுவனம் ஹார்லி-டேவிட்சனுக்கு யென் துணையும் இல்லை. அதன் டூரிங் (நெடும்பயண) வண்டிகள் பென்சில்வேனியாவின் யார்க்கில் தயாராகின்றன. கூலியும் இரும்பும் அலுமினியமும் டாலரில். 2021 இல் மூலப்பொருள் விலையைக் காட்டி, தேர்ந்தெடுத்த மாடல்களுக்குத் தனிக் கூடுதல் கட்டணமே விதித்தது. ஆனால் இதைவிட முக்கியமான மாற்றம் வேறு. 2019 நடுவில் எலெக்ட்ரா கிளைடு ஸ்டாண்டர்டு என்ற மாடலை 18,999 டாலருக்கு விட்டார்கள்: பாட்டுப்பெட்டி இல்லை, ஒற்றை இருக்கை, ஆனால் அதே எஞ்சின், அதே காற்றுத் தடுப்பு, அதே பக்கப் பெட்டிகள். 2024 பணத்தில் அது 23,300. அந்த மாடல் இப்போது இல்லை. 2024 இன் புதிய ஸ்ட்ரீட் கிளைடு 25,999 இல் தொடங்கியது. ஒரே வண்டியின் விலை ஏறுவது ஒன்று. ஏணியின் கீழ்ப்படியைக் கழற்றி எடுப்பது இன்னொன்று. வாங்குபவருக்கு இரண்டும் ஒரே மாதிரி வலிக்கும். ஆனால் விலைக் குறியீட்டில் முதலாவதுதான் சரியாகப் பதிவாகும்.

பிக்கப்பில் கீழ்ப்படிகள் எப்படிக் கழன்றன

இங்கேதான் சட்டத்தின் கை அதிகம். ஐரோப்பா அமெரிக்கக் கோழிக்கு வரி போட்டதற்குப் பதிலடியாக, 1963 டிசம்பரில் லிண்டன் ஜான்சன் பிறப்பித்த பிரகடனம் இறக்குமதி இலகு டிரக்குகளுக்கு 25% வரி விதித்தது. கூடவே வரி போடப்பட்ட பிராந்தியும் உருளைக்கிழங்கு மாவும் பிற்பாடு தப்பித்துக்கொண்டன. டிரக் மட்டும் இன்றும் மாட்டிக்கொண்டிருக்கிறது. நெடுங்காலம் காருக்கு 2.5%, பிக்கப்புக்கு 25% என்றே இருந்தது. உலகெங்கும் ஓடும் சிறிய, எளிய பிக்கப்புகள் அமெரிக்கச் சந்தைக்குள் வராததற்கு முதற்காரணம் இதுவே. இந்த வரியைத் தாண்ட என்னவெல்லாம் செய்தார்கள் என்பதற்கு ஒரு சான்று: ஃபோர்டு தன் டிரான்சிட் கனெக்ட் வேனைப் பின்னிருக்கைகளோடு பயணி வாகனமாக இறக்கி, துறைமுகம் தாண்டியதும் இருக்கைகளைக் கழற்றியது. அந்த வழக்கு 2024 இல் 365 மில்லியன் டாலர் சமரசத்தில் முடிந்தது.

இரண்டாவது, எரிபொருள் சிக்கன விதி. 2011 மாடல் ஆண்டு முதல் இலக்கு, வண்டியின் அடித்தடப் பரப்பைப் பொறுத்தது: முன்பின் சக்கர இடைவெளியை இடவல இடைவெளியால் பெருக்கினால் வருவது. பரப்பு பெரிதானால் இலக்கு தளர்வு. சிறிய பிக்கப்பைச் சிக்கனமாக்கச் செலவழிப்பதைவிட, வண்டியைப் பெரிதாக்குவது நிறுவனத்துக்கு எளிது. 2025 இல் டிரம்ப் அரசு கொண்டுவந்த பெரிய வரிச்சட்டம் இந்த விதியை மீறுவதற்கான அபராதத்தையே சுழியமாக்கிவிட்டது. ஆனாலும் ஒரு வண்டியின் வடிவமைப்பு பல ஆண்டு ஓடும் என்பதால், சிறியவை உடனே திரும்பிவிடா.

மூன்றாவது, தொழில் செய்பவர்களுக்கான வரிக்கழிவு. மொத்த எடை வரம்பு 6,000 பவுண்டுக்கு மேற்பட்ட வண்டியைத் தொழிலுக்கு வாங்கினால் வருமான வரிச் சட்டத்தின் பிரிவு 179 இன் கீழ் முதலாண்டிலேயே பெருந்தொகையைக் கழிக்கலாம். பெரிய எஸ்.யு.வி. வகைக்கு 2024 இல் 30,500 டாலர் உச்சவரம்பு. உள்நீளம் 6 அடிக்குக் குறையாத சரக்குத் தொட்டி உள்ள பிக்கப்புக்கு அந்த வரம்பு இல்லை. நாலு கதவு, ஐந்தரை அடித் தொட்டி வாங்குபவர்கள் இந்த ஒரு நிபந்தனையைப் படிக்காமல் வாங்கிவிட்டு, கணக்காளரிடம் போய் நிற்பது அடிக்கடி நடக்கிறது. இந்தக் கழிவால் மேல்வகைகளுக்குக் கேட்பு கூடுகிறது. கேட்பு இருக்குமிடத்தில் தொழிற்சாலை நேரத்தை மலிவு வகைக்கு ஒதுக்க யாரும் விரும்புவதில்லை.

விளைவு கண்கூடு. செவ்ரோலே எஸ்-10, 2004 இல் நின்றது. டாட்ஜ் டகோட்டாவும் சிறிய ஃபோர்டு ரேஞ்சரும் 2011 இல் நின்றன. ரேஞ்சர் 2019 இல் பெரிதாகித் திரும்பிற்று. 2019 தலைமுறை ரேம் 1500 இலும் 2022 தலைமுறை டொயோட்டா டன்ட்ராவிலும் இரண்டு கதவு ஒற்றைக் கேபினே கிடையாது. 2022 மாடலாக ஃபோர்டின் சிறிய பிக்கப் மேவரிக் 19,995 டாலருக்கு வந்தபோது, அதுவும் ஹைப்ரிட் எஞ்சினோடு, ஆர்டர்களைச் சமாளிக்க முடியாமல் ஏற்பதையே நிறுத்திவைக்க வேண்டியிருந்தது. மலிவான பிக்கப்புக்கு ஆள் இல்லை என்ற வாதம் அன்றோடு போயிற்று. அதே மேவரிக்கின் தொடக்க விலை 2025 இல் 26,000 டாலரைத் தாண்டிவிட்டது.

செலவு கூடினால் விலை கூடுகிறது என்பது பாதி உண்மைதான் என்று காட்ட எஃப்-150 லைட்னிங்கைவிடத் தெளிவான சான்று கிடைக்காது. மின்சார பிக்கப்பான இதன் அடிமட்ட 'ப்ரோ' வகை 39,974 டாலர் என்று அறிவிக்கப்பட்டது. முன்பதிவு ஏறத்தாழ 2 இலட்சம். பிறகு 2022 ஆகஸ்டில் 46,974, அக்டோபரில் 51,974, டிசம்பரில் 55,974, 2023 மார்ச்சில் 59,974. வண்டி அடிப்படையில் அதேதான். நிறுவனம் சொன்ன காரணம் மூலப்பொருள் செலவு. 2023 ஜூலையில், வரிசை கரைந்து வண்டிகள் டீலரிடம் தேங்கத் தொடங்கியதும், விலை 49,995 க்கு இறங்கிற்று. மூலப்பொருள் விலை இறங்கியதும் இதில் உண்டு; ஆனால் ஓராண்டுக்குள் 20,000 டாலர் ஏறி, அதில் பாதி ஒரே நாளில் இறங்கியதைச் செலவுக் கணக்கு மட்டும் விளக்காது. வரிசை நீளமாக இருக்கும்போது வாங்காமல் இருப்பது ஒரு கணிசமான தள்ளுபடி.

சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம்

கொண்டுவந்து சேர்க்கும் கட்டணத்தைத் தனியே பார்க்க வேண்டும். எஃப்-150 க்கு 2015 இல் 1,195 டாலர். 2024 இல் 1,995. இது 67% ஏற்றம். வண்டியின் விலையேற்றத்தைவிட வேகம். தொழிற்சாலைக்கு அடுத்த தெருவில் வாங்கினாலும் இதே தொகைதான். விளம்பரத்தில் தெரியும் "தொடக்க விலை"யில் இது பெரும்பாலும் இருக்காது. விலையைக் கூட்டாமலே விலையைக் கூட்டும் வழி இது.

பிக்கப்பில் இந்தத் தொகை ஜன்னல் விலைச்சீட்டிலாவது அச்சாகி இருக்கும். கார்களுக்கு அப்படிச் சீட்டு ஒட்ட 1958 இல் சட்டம் வந்தது. மோட்டார்சைக்கிளுக்கு அந்தச் சட்டம் இல்லை. அதனால் சரக்குக் கூலி, பொருத்துக் கூலி என்ற இரண்டு கட்டணங்களை டீலரே எழுதுகிறார். பொருத்துக் கூலி முழுவதும் பொய்யல்ல: பைக் இரும்புச் சட்டத்தில் கட்டி வருகிறது, பேட்டரி இணைப்பது, கண்ணாடிகள், காற்றுத் தடுப்பு பூட்டுவது, திரவ அளவுகளும் திருகு இறுக்கமும் சரிபார்ப்பது, ஓட்டிப் பார்ப்பது என்று சில மணிநேர வேலை உண்டு. சில மணிநேர வேலைக்கு எவ்வளவு கேட்கலாம் என்பதில்தான் ஒரே ஊரின் இரண்டு டீலர்கள் நூற்றுக்கணக்கில் வேறுபடுகிறார்கள்.

டெக்சாஸ் மாநிலத்தில் வாகன விற்பனை வரி 6.25%. அதை வைத்து ஒரு மாதிரிக் கணக்கு: கோல்ட் விங் டூர் 28,500, சரக்கும் பொருத்தும் 1,400 என்று கொள்வோம், ஆக 29,900. வரி 1,869. ஆவணக் கட்டணம் 225, உரிமைப் பத்திரமும் பதிவும் சுமார் 90. மொத்தம் ஏறத்தாழ 32,100. பட்டியல் விலைக்கு மேல் 3,600, அதாவது 12 சதவீதத்துக்கும் சற்று அதிகம். எஃப்-150 எக்ஸ்.எல். 38,565 உடன் வரியும் ஆவணமும் சேர 41,200.

இதற்கு மேல் டயரில் நைட்ரஜன், கண்ணாடியில் எண் பொறித்தல், பெயின்ட் காப்பு, திருட்டுக் காப்பு என்று வரும் கட்டணங்களில் பெரும்பாலானவை டீலரின் லாபம் மட்டுமே. "எல்லா வண்டிக்கும் ஏற்கெனவே போட்டுவிட்டோம், கழற்ற முடியாது" என்றால், வண்டியை வைத்துக்கொள்ளுங்கள் என்று எழுந்துவிடலாம். தேவையற்ற இணைப்புகளைத் தடுக்கக் கூட்டாட்சி வணிக ஆணையம் கொண்டுவந்த விதியை 2025 ஜனவரியில் மேல்முறையீட்டு நீதிமன்றம் ரத்து செய்தது. அதனால் இந்தக் காவல் இப்போதைக்கு வாங்குபவர் கையில்தான் பெரும்பாலும் இருக்கிறது. முறை எளிது: கடைக்குப் போகும் முன் மின்னஞ்சலில் முழு ஆன்-ரோடு தொகையை வரிவரியாகக் கேட்க வேண்டும். குறைந்தது மூன்று டீலரிடம். வரிவரியாகத் தர மறுப்பவரை அங்கேயே கழித்துவிடலாம். பழைய வண்டியை மாற்றுக்குக் கொடுப்பதையும் கடனையும் இந்தக் கட்டத்தில் பேசவே கூடாது. மூன்றையும் ஒன்றாகப் பிசைந்தால் எதில் எவ்வளவு போயிற்று என்று பிறகு பிரிக்க முடியாது.

மாதத் தவணை மறைப்பது

2022 மார்ச் வரை அமெரிக்க மத்திய வங்கியின் வட்டி விகிதம் சுழியத்தை ஒட்டி இருந்தது. 2023 ஜூலைக்குள் 5.25 முதல் 5.50 சதவீதத்துக்குப் போயிற்று. வாகனக் கடனும் கூடவே ஏறிற்று. எஃப்-150 க்கு 6,200 முன்பணம் கொடுத்து 35,000 டாலர் கடன் என்று வைத்துக்கொண்டால்:

| வட்டி | மாதங்கள் | மாதத் தவணை (டாலர்) | மொத்த வட்டி (டாலர்) |
|---|---|---|---|
| 4% | 60 | 645 | 3,675 |
| 4% | 72 | 548 | 4,430 |
| 8% | 60 | 710 | 7,580 |
| 8% | 72 | 614 | 9,180 |
| 8% | 84 | 546 | 10,820 |

இரண்டாவது வரியையும் கடைசி வரியையும் அருகருகே வைத்துப் பாருங்கள். தவணை ஒன்றேதான், 2 டாலர் வித்தியாசம். "மாதம் எவ்வளவு கட்ட முடியும்?" என்ற கேள்விக்குப் பதில் சொன்ன ஒருவர், வட்டி இரட்டித்ததை உணரவே மாட்டார். ஆனால் வட்டியாகப் போகும் தொகை 4,430 இலிருந்து 10,820 ஆகியிருக்கும். இது எந்த விலைச்சீட்டிலும் அச்சாகாத 6,400 டாலர் விலையேற்றம். ஆறு ஆண்டுகளில் கோல்ட் விங்கின் பட்டியல் விலையில் ஏறியதுபோல் மூன்று மடங்குக்கு மேல்.

நீண்ட கடனில் இன்னொரு பள்ளம் இருக்கிறது. 8% வட்டியில் 36 மாதம் கட்டிய பிறகு, 60 மாதக் கடனில் பாக்கி சுமார் 15,700. 84 மாதக் கடனில் 22,350. மூன்றாம் ஆண்டில் விபத்தோ, வேலை மாற்றமோ வந்து வண்டியை விற்க நேர்ந்தால், இந்த 6,650 டாலர்தான் கையில் காசோடு வெளியேறுவதற்கும், விற்ற பிறகும் கடன்பட்டு நிற்பதற்கும் உள்ள வேறுபாடு. அந்தப் பாக்கியை அடுத்த வண்டிக் கடனில் ஏற்றிக்கட்டுவதுதான் இருப்பதிலேயே மோசமான முடிவு. ஓடாத வண்டிக்கு வட்டி கட்டுவது அது. பைக்குக்கு இந்த அபாயம் மேலும் அதிகம், ஏனெனில் பைக் கடன் வட்டி பொதுவாகக் கார் கடனைவிடக் கூடுதல், வாங்கும் கூட்டமும் சிறியது.

நிறுவனமே தரும் குறைவட்டியா, ரொக்கத் தள்ளுபடியா என்ற தேர்வு வந்தால் கணக்குப் போட்டே முடிவெடுக்க வேண்டும். 35,000 டாலருக்கு 1.9% வட்டி, 60 மாதம்: தவணை 612, மொத்தம் 36,720. அல்லது 3,000 தள்ளுபடி வாங்கிக்கொண்டு, 32,000 டாலரை வெளியே 7 சதவீதத்துக்கு: தவணை 634, மொத்தம் 38,020. இங்கே குறைவட்டி 1,300 டாலர் மிச்சம். தள்ளுபடி சுமார் 4,100 ஐத் தாண்டினால்தான் தராசு மறுபக்கம் சாயும். கூட்டுறவுக் கடன் சங்கத்தில் முன்கூட்டியே ஒப்புதல் வாங்கிக் கையில் வைத்திருந்தால், டீலரின் நிதிப்பிரிவு சொல்லும் வட்டியை ஒப்பிட ஓர் அளவுகோல் இருக்கும். கடன் எளிய வட்டி முறையா, முன்கூட்டி அடைத்தால் அபராதம் உண்டா என்பதைக் கையெழுத்துக்கு முன் பார்க்க வேண்டும்.

இழுவைக்கு எவ்வளவு பெரிய வண்டி தேவை

"பைக்கை ஏற்றிச் செல்லத்தான் பெரிய பிக்கப்" என்பது பலர் சொல்லும் காரணம். அளந்து பார்த்தால் அது நிற்பதில்லை. கோல்ட் விங் டூர் சுமார் 380 கிலோ, நீளம் 2.6 மீட்டரை ஒட்டி. நாலு கதவு பிக்கப்பின் ஐந்தரை அடித் தொட்டி 1.7 மீட்டர்தான். எட்டு அடித் தொட்டியிலும்கூடப் பின்கதவை மூட முடியாது. மேலும் ஒரு மீட்டர் உயரத்துக்கு 380 கிலோவைச் சாய்பலகையில் ஏற்றுவது இரண்டு பேருக்கும் அபாயகரமான வேலை. ஆகவே கடைசியில் டிரெய்லர்தான்.

திறந்த ஒற்றை பைக் டிரெய்லர் 250 முதல் 300 கிலோ என்றால், பைக்கோடு 630 முதல் 680 கிலோ. இழுக்கும் கொக்கியில் இறங்கும் எடை மொத்தத்தில் 10 முதல் 15 சதவீதம், அதாவது 65 முதல் 100 கிலோ. 10 க்குக் கீழே போனால் வேகத்தில் டிரெய்லர் ஆடத் தொடங்கும். மேவரிக்கின் சாதாரண இழுவைத் திறன் 2,000 பவுண்டு, 907 கிலோ. வரம்புக்குள் வந்துவிடுகிறது. மூடிய பெட்டி டிரெய்லர் என்றால் வராது. அதன் வெற்று எடையே 500 கிலோவை எளிதில் தாண்டும், காற்றுத் தடையும் பெரிது. ஓட்டுநர் கதவோரம் ஒட்டியுள்ள விவரச்சீட்டில் காட்டும் சுமைத் திறனிலிருந்து இரண்டு பேர், பயணச் சாமான், கொக்கி எடை மூன்றையும் கழித்துப் பார்க்கவும் மறக்கக் கூடாது.

டெக்சாஸ் கணக்கில் 2025 மேவரிக் ஆன்-ரோடு சுமார் 30,000. எஃப்-150 ஐவிட 11,000 டாலருக்கு மேல் குறைவு. இந்த ஒரு முடிவு, பேரம் பேசிக் கிடைக்கும் எந்தத் தள்ளுபடியையும்விடப் பெரியது. வாரந்தோறும் இரண்டு டன் இழுப்பவருக்கு எஃப்-150 தேவைதான், அதில் ஐயமில்லை. ஆண்டுக்கு நாலு முறை பைக் இழுப்பவருக்கு அல்ல.

வரிக்கழிவும் வண்டி எண்ணின் முதல் எழுத்தும்

மேலே சொன்ன 2025 வரிச்சட்டத்தின்படி, சொந்தப் பயன்பாட்டுக்கு வாங்கும் புதிய வாகனத்தின் கடன் வட்டியில் ஆண்டுக்கு 10,000 டாலர் வரை 2025 முதல் 2028 வரை வருமானத்திலிருந்து கழிக்கலாம். மோட்டார்சைக்கிளும் இதில் அடங்கும். நிபந்தனை: இறுதிப் பொருத்தல் அமெரிக்காவில் நடந்திருக்க வேண்டும், கடன் 2024 டிசம்பர் 31 க்குப் பின் தொடங்கியதாக இருக்க வேண்டும், தனிநபர் வருமானம் 100,000, தம்பதியருக்கு 200,000 டாலரைத் தாண்டினால் சலுகை தேயும்.

யார்க்கில் தயாரான ஹார்லி டூரிங் வண்டிக்கும், டியர்பார்ன் அல்லது கன்சாஸ் சிட்டியில் தயாரான எஃப்-150 க்கும் இது பொருந்தும். குமாமோட்டோவின் கோல்ட் விங்குக்கும் மெக்சிகோவின் எர்மோசிய்யோவில் தயாராகும் மேவரிக்குக்கும் பொருந்தாது. வண்டியின் அடையாள எண்ணின் முதல் எழுத்தே பெரும்பாலும் காட்டிக்கொடுத்துவிடும்: 1, 4, 5 என்றால் அமெரிக்கா, 2 கனடா, 3 மெக்சிகோ, 'ஜே' ஜப்பான்.

டீலர் இதைப் பெரிதாகப் பேசினால் கணக்கை நினைவில் வையுங்கள். மேலே கண்ட 84 மாதக் கடனில் முதலாண்டு வட்டி சுமார் 2,660. 22% வரி அடுக்கில் மிச்சமாவது 585 டாலர், அடுத்தடுத்த ஆண்டுகளில் இன்னும் குறைவு. 11,000 டாலர் கூடுதல் வண்டிக்கு அது காரணமாகாது.

கோல்ட் விங் வாங்க நினைப்பவருக்கு இதைவிடப் பெரிய சலுகை பழைய வண்டிச் சந்தையில் இருக்கிறது. 2018 முதல் 2020 வரையிலான டூர் மாடலும் இன்றைய மாடலும் அடிப்படையில் ஒரே எஞ்சின், ஒரே சட்டகம். 2021 இல் பின்பெட்டி 50 லிட்டரிலிருந்து 61 லிட்டராயிற்று, பின்னிருக்கைச் சாய்வு மாறிற்று, ஒலிபெருக்கிகள் மேம்பட்டன. துணையோடு நெடுந்தூரம் போகிறவருக்கு அந்த 11 லிட்டர் முக்கியம்: 2018-20 பெட்டியில் இரண்டு முழுத் தலைக்கவசங்கள் அடங்குவது சிரமம். தனியே ஓட்டுபவருக்கு அது பொருட்டல்ல. ஹோண்டா இதற்குத் தரும் மூன்றாண்டு உத்தரவாதம் அடுத்த உரிமையாளருக்கும் செல்லும்; ஆகவே இரண்டாண்டு ஓடிய வண்டியை வாங்கினால்கூட ஓராண்டு மிச்சம் இருக்கும். நீட்டிப்பு உத்தரவாதத்தைப் புதிதாக வாங்கும் அன்றே எடுத்து, அதைக் கடனில் சேர்த்து, அதற்கும் வட்டி கட்ட வேண்டியதில்லை. பழைய வண்டி எடுக்கும்போது அடையாள எண்ணைத் தேசிய நெடுஞ்சாலைப் பாதுகாப்பு அமைப்பின் தளத்தில் இலவசமாகத் தேடி, செய்யப்படாத திரும்பப்பெறல் (ரீகால்) பணி நிலுவையில் இருக்கிறதா என்று பார்த்துவிடலாம். பின் டயரின் தேய்மானத்தையும் அதன் தயாரிப்பு வாரத்தையும் பாருங்கள். இந்த எடைக்குப் பின் டயர் வேகமாகத் தேயும். நடுவில் தட்டையாகத் தேய்ந்திருந்தால், புது டயர் செலவைக் கேட்கும் விலையிலிருந்து அங்கேயே கழிக்கச் சொல்லலாம்.